மெத்தைச் சித்தி

பிறர் பேச்சைத் தன் வாயால் பேசுவதுதான் என் சித்தியின் வேலை. எங்கள் தெரு முடியும் இடத்தில் இருக்கும் மீன் பதனிடும் ஆலைக்கு மேனேஜர்கள் கடல் கடந்துதான் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தவிர வேறு தெரியாது. மீனை வெட்டுகிறவர்களும், பெட்டியில் அடுக்குகிறவர்களும், குளிர் இயந்திரத்தை ஓட்டுகிறவர்களும் உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு ஆங்கிலம் வராது. இரு தரப்புக்கும் நடுவில், மேனேஜருக்கு அரை அடி பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு சித்தி நிற்பாள்.

ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் மெத்தை. எவ்வளவு உயரத்திலிருந்து எதைத் தூக்கிப் போட்டாலும் அவள்மேல் விழுந்தால் சத்தம் கேட்காது என்பதால் அந்தப் பெயர். பெயர் வைத்தவள் பேக்கிங் பிரிவில் இருந்த ரேடியோ. வாய் மூடாத அக்கா என்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

ஆங்கிலக்காரர்கள் நேராகப் பேசுகிறவர்கள் என்று சொல்வதெல்லாம் சும்மா. அவர்கள் பேச்சில் பாதி நாயும் பூனையும் பாலமும் கோப்பையுமாக இருக்கும். இவற்றுக்கெல்லாம் சித்தி ஜோடி பார்த்து வைத்திருந்தாள், கல்யாணத் தரகர் மாதிரி. பாலம் வரும்போது பாலத்தைத் தாண்டுவோம் என்று மேனேஜர் சொன்னால், “பொறுத்தார் பூமி ஆள்வார்” என்பாள். டீக் கோப்பைக்குள் புயல் என்று அவர் சிரித்தால், “பதறாத காரியம் சிதறாது.” முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போட முடியாது என்றால், “உளி படாத கல் சிலையாகாது.” கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மேனேஜர் ஏதோ நல்லதுதான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றும். எந்த மேனேஜர் வந்தாலும் சில நாளில் இங்கே ஜனங்கள் எவ்வளவு தங்கமானவர்கள் என்று வியக்கத் தொடங்கிவிடுவார். இந்தப் பக்கத்துப் பேச்சும் அந்தப் பக்கம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

வீட்டிலும் அவள் அப்படித்தான். என் அம்மாவும் அண்ணியும் சமையலறையில் முகம் கொடுக்காமல் இருந்த நாட்களில், இருவருக்கும் நடுவே காய் நறுக்கிக்கொண்டு உட்கார்ந்து இவள் சொன்னதை அவளிடமும் அவள் சொன்னதை இவளிடமும் கொண்டுபோவாள். கிளம்பும்போது கத்தி, போய்ச் சேரும்போது கரண்டி.

அவள் பிறவியிலேயே மெத்தை இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டதைக் கேட்டபடி சொல்கிறவளாகத்தான் இருந்தாள். அன்றைய மேனேஜர், ஐஸ் பாளங்களை இழுக்கும் ஒரு சுமைக்காரரைக் காட்டி, அழுகின ஆப்பிள் ஒன்று கூடையையே கெடுத்துவிடும் என்று சொன்னார். ஆங்கிலத்தில் அது தேய்ந்த வார்த்தை. யார் மேலும் போடுவார்கள். சித்தி அதை அப்படியே, எல்லார் முன்னாலும், அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து, “நீங்க அழுகின பழம்னு சொல்றார்” என்றாள். அவர் கையிலிருந்த ஐஸ் கொக்கியால் மேனேஜரின் தோளில் ஒரே இழுப்பு. மேனேஜர் பிழைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். சுமைக்காரர் சிறைக்குப் போனார். அதன்பின் அவர் மனைவி தினமும் காலையில் வந்து எங்கள் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்பாள். திட்டமாட்டாள், அழமாட்டாள். சித்தி வேலைக்குக் கிளம்பும்வரை நின்று அவளைப் பார்ப்பாள், போய்விடுவாள். சிறு வயதில் ஜன்னல் வழியாக நானும் அவளைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அவள் வராமல் போனாள். ஆனாலும் சித்தி கதவைத் திறக்கும் முன் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நான் பல வருடம் வெளியே அலைந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். கப்பல் சமையலறை, விடுதி, பழத்தோட்டம் என்று எதிலும் நிலைக்காமல் சுற்றியதில் கை காலியாக இருந்தாலும் ஆங்கிலமும் இன்னும் சில மொழிகளுமாகக் காது நிறைந்திருந்தது. “ஓடுகாலி திரும்பிட்டா, மறுபடி ஓடறதுக்குள்ள ஒரு வேலையில போடு” என்று அம்மா சொன்னதில், சித்தி என்னை பேக்கிங் பிரிவில் சேர்த்துவிட்டாள்.

அண்ணன் அங்கே மெஷின் ரூமில் ஆபரேட்டர். ஆலையின் குளிர் முழுவதும் அந்த அறையிலிருந்துதான் கிளம்பும். அமோனியா வாயுவை அழுத்திக் குழாய்கள் வழியே அனுப்பும் பெரிய கம்ப்ரஸர் அங்கே இருந்தது. அதன் உறுமல் எங்கள் வீட்டுச் சுவர்வரை வரும். தண்ணீர்ப் பானையில் விரலை வைத்தால் தெரியும். எங்கள் தெருக் குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கப் பழகினார்கள்.

முதல் வாரமே ஒன்றைக் கவனித்தேன். மீன் ஆலை என்றால் பூனைகள் இருக்கும். எங்கள் ஆலையிலும் வெட்டும் கூடத்தின் பின்னால் கூட்டமாகக் கிடந்தன. மெஷின் ரூமின் வெளிச்சுவர் ஓரம் மட்டும் ஒன்றும் போகவில்லை. வெயிலும் வெதுவெதுப்பும் அங்கேதான் அதிகம். போன மழைக்கு முன்னால் அந்த ஓரத்தில்தான் ஒரு சாம்பல் நிறப் பூனை குட்டி போட்டிருந்தது என்று ரேடியோ சொன்னாள். “ஒவ்வொண்ணா வாயில கவ்விக்கிட்டுக் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. அதுக்கு மெத்தை போட்டுச் சொல்ல ஆள் இல்லை பாரு.”

உள்ளே சுவரை ஒட்டி ஓடும் தடித்த பைப் ஒன்று இருந்தது. அதன்மேல் சுற்றிய உறை நனைந்து தொங்கிப்போயிருந்தது. உறைக்குள்ளே இரும்பு துருவேறிச் செதில் செதிலாக உதிர்வதை அண்ணன் விரலால் காட்டினான். வளைகிற இடத்தில் மூக்கை வைத்தால் கண் எரியும். கதவருகே ஓர் ஆணியில் ஈரத்துண்டுகள் தொங்கின. வாடை ஏறினால் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். அங்கே அதுதான் பாதுகாப்பு ஏற்பாடு. அண்ணன் ஒரு துண்டை ஆணியில் மாட்டாமல் கழுத்திலேயே போட்டிருந்தான். வீட்டுக்கு வந்த பிறகும் சில நாள் மறந்து அதோடே சாப்பிட உட்காருவான்.

“புட்டுக்கிச்சுன்னா?” என்று கேட்டேன்.

“ரூம்ல இருக்கிறவன் கதவுவரைக்கும் போகமாட்டான்,” என்றான். “காத்து உன் பக்கம் அடிச்சா பேக்கிங்கும் அவ்வளவுதான். இதை நான் மூணாவது தடவையா சொல்லப்போறேன். சித்தி இருக்கா, எடுத்துச் சொல்லுவா.”

திங்கட்கிழமை காலையில் கேண்டீனில் எல்லாரையும் நிற்க வைத்துக் கூட்டம் நடக்கும். மேனேஜர் உள்ளேயும் வெளியேயும் கம்பளிச் சட்டையைக் கழற்றாத மனிதர். எங்களுக்கு அவர் ஸ்வெட்டர். முகத்தில் கடுமை கிடையாது. எல்லார் பிள்ளைகளையும் விசாரிப்பார்.

அண்ணன் முன்னால் வந்தான். “அந்த பைப்பை மாத்தாம இனி ஓட்டக்கூடாது. நாங்க மடியில நெருப்பைக் கட்டிக்கிட்டு நிக்கிறோம். ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து போவோம். சித்தி, இதை அப்படியே சொல்லு.”

சித்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில், மெஷின் ரூம்காரர்களுக்கு அந்தக் குழாய் பற்றிச் சிறிது கவலை இருக்கிறது, வசதிப்படும்போது பார்த்தால் நன்றி உடையவர்களாக இருப்பார்கள் என்றாள்.

கையில் பிடித்திருந்த டீயை நான் மேலே ஊற்றிக்கொண்டேன்.

ஸ்வெட்டர் தலையை ஆட்டினார். இந்தப் பையனுக்கு ஓநாய் ஓநாய் என்று கத்துவதே வழக்கமாகிவிட்டது என்றார். ஒருநாள் நிஜ ஓநாய் வந்தால் யாரும் நம்பப் போவதில்லை என்றும், தூங்குகிற நாயை எழுப்பாமல் விடுவது நல்லது என்றும் சொன்னார்.

சித்தி அண்ணன் பக்கம் திரும்பினாள். “உன் அக்கறையை மெச்சிக்கிறார்பா. இப்போதைக்குக் கொஞ்சம் ஆறப்போடுவோம்னு சொல்றார்.”

“மெச்சிக்கிட்டா சரி,” என்றான் அண்ணன். பாதி மனம் ஆறிப் பின்னால் போய் நின்றான். கழுத்துத் துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டை முதுகு நனைந்திருந்தது.

அன்று மாலை சித்தி மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அண்ணனின் சட்டைகள் தனிக் கொடியில் கிடந்தன. அவற்றின் வாடை மற்றத் துணிகளில் ஏறும் என்று அண்ணி பிரித்துப் போடுவாள்.

“அவர் சொன்னதும் எனக்குப் புரிஞ்சது, நீ சொன்னதும் புரிஞ்சது,” என்றேன். “ரெண்டும் அக்கா தங்கச்சி கூட இல்லை சித்தி.”

“ஊரெல்லாம் சுத்தி இதைக் கத்துக்கிட்டு வந்தியா?”

“அவன் உயிர் போயிடும்னு சொல்றான். நீ நன்றி உடையவங்களா இருப்பாங்கன்னு சொல்றே.”

அவள் சட்டையை உதறினாள். “உன் அண்ணனைப் பொய்யன்னு சொல்றார்னு அங்கேயே சொல்லியிருந்தா, அவன் கையில என்ன இருந்திருக்கும் தெரியுமா? ஸ்பேனர். அப்புறம் உன் அண்ணி யார் வாசல்ல போய் நிக்கிறது?”

கீழே ஆலையின் உறுமல் ஒரு கணம் இழுத்து, விக்கி, மீண்டும் பழைய சுருதிக்கு வந்தது. இருவரும் அது நேராகும்வரை கேட்டுக்கொண்டு நின்றோம். அவள் கையில் கிளிப் ஒன்று உடைந்திருந்தது.

“அவர்கிட்ட நானே தனியா பேசறேன்,” என்றாள் பிறகு. “இங்கிலீஷ்ல மெத்தை போடாம. அவருக்கு விஷயம் தெரியாததாலதான் இப்படி. தெரிஞ்சா மனுஷன் மாத்திடுவார். நல்ல மனுஷன்.”

தன் மெத்தைப் பஞ்சு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததால்தான் மேனேஜருக்கு அபாயம் உறைக்கவில்லை என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடமும் ஓடியிருந்தது: தன் பஞ்சை உருவினால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் அவர் அறைக்குப் போனாள். மாலையில் நாங்கள் வீடு திரும்பும் வழியில் பாதித் தெருவரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். குழாயடிப் பக்கம் வந்ததும் நின்றாள்.

“அவருக்குத் தெரியும்டி.”

“எது?”

“எல்லாம். எந்த இடத்துல துரு, எவ்வளவு மெலிஞ்சிருக்கு, பிச்சுக்கிட்டா எந்தப் பக்கம் போகும், எல்லாம். உன் அண்ணனைவிட நல்லாச் சொன்னார். மீன் வரத்து முடியறவரைக்கும் மெஷினை நிறுத்த முடியாதாம். நான் சொன்னதை ரொம்பப் பொறுமையாக் கேட்டார். உக்காரச் சொன்னார். தண்ணி கொடுத்தார்.” சேலைத் தலைப்பால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “அப்புறம் அந்த முட்டை வார்த்தையைச் சொன்னார். அதை எத்தனை தடவை மாத்திச் சொல்லியிருக்கேன். இன்னிக்கு மாத்திச் சொல்ல எதிர்ல யாரும் இல்லை. என் காதுலேயே அது நேரா விழுந்துச்சு.”

அப்போது என்ன நினைத்தாள் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது இது: அந்தப் பஞ்சு மேனேஜருக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. எதைச் சொன்னாலும் அவருக்கு வலிக்கப்போவதில்லை. அது மெஷின் ரூம் ஆட்களை உள்ளே வைத்துக் கதவை அடைக்கத்தான் உதவியிருக்கிறது.

அந்த வாரம் முழுவதும் வாடை கூடிக்கொண்டு வந்தது. பேக்கிங் மேசையில் நாங்கள் இருமினோம். ரேடியோகூடச் சில மணிநேரம் பேசாமல் இருந்தாள்; “ஸ்டேஷன் நின்னுபோச்சா?” என்று கேட்டதற்கு மூக்கைக் காட்டினாள். அண்ணன் கண்கள் சிவந்து வீட்டுக்கு வந்து, விளக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டான். சித்தி அவனுக்குப் பரிமாறிக்கொண்டே அவன் கழுத்துத் துண்டை எடுத்துப் பிழிந்து காயப்போட்டாள். அவன் எழுந்ததும் அதை மறுபடி நனைத்து அவன் கையில் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவள் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஸ்வெட்டருக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில் நின்றாள். கைகளைக் கட்டிக்கொள்ளவில்லை.

அண்ணன் மீண்டும் கேட்டான். இந்த முறை குரலே எழும்பவில்லை. “பைப் எப்ப மாத்துவீங்க? அது மட்டும் சொல்லுங்க.”

சித்தி கேட்டதைக் கேட்டபடி ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்வெட்டர் புன்னகையோடு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் பேசினார். சித்தி ஒவ்வொரு வாக்கியமாக, வாசிப்பது போல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள்.

“பாலம் வரும்போது பாலத்தைத் தாண்டுவோம்னு சொல்றார். அப்படின்னா, வெடிச்ச பிறகு பார்த்துக்கலாம்னு அர்த்தம்.”

கூட்டத்தில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார்கள்.

“இது டீக் கோப்பைக்குள்ள புயலாம். அப்படின்னா, நீங்க சின்ன விஷயத்துக்குக் கத்துறீங்கன்னு அர்த்தம்.”

ஸ்வெட்டர் மேலே பேசினார்.

“முட்டையை உடைக்காம ஆம்லெட் போட முடியாதுன்னு சொல்றார். இத்தனை வருஷமா உங்ககிட்ட இதைத்தான் நான் உளி, சிலைன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவர் சொன்னது முட்டை. ஒரு காரியம் நடக்கணும்னா சிலது போகத்தான் செய்யும்னு அர்த்தம்.”

பின்னாலிருந்து ரேடியோ கேட்டாள்.

“முட்டை யாரு?”

சித்தி அதையும் ஆங்கிலத்தில் கேட்டாள். ஸ்வெட்டர் சிரித்தார். அது ஒரு பேச்சு வழக்குத்தான் என்றார்.

“பதில் சொல்லலை,” என்றாள் சித்தி.

நான் அண்ணனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தியும் அங்கேதான் பார்த்திருப்பாள். அந்தக் கைகள் கழுத்துத் துண்டின் இரு முனைகளையும் பிடித்திருந்தன. அவன் ஸ்வெட்டர் பக்கம் போகவில்லை. திரும்பி மெஷின் ரூமுக்கு நடந்தான். கூட இருந்த ஆபரேட்டர்கள் பின்னால் போனார்கள். சிறிது நேரத்தில் உறுமல் இறங்கத் தொடங்கியது. நீளமாக, அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இறங்கி, நின்றது.

நாங்கள் எல்லாரும் கேட்டுக்கு வெளியே வந்தோம். தெருவில் வீட்டுக்கு வீடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். என்ன நடந்தது என்று தெரியாமல், சத்தம் நின்றதற்கே வெளியே வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை விடாமல் அழுதது. அண்ணி ஓடி வந்து அண்ணன் சட்டையைப் பிடித்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல, “வாடை அடிக்குது, தள்ளி நில்லுங்க,” என்றாள்.

சித்திக்கு அன்றே வேலை போயிற்று. அண்ணனும் மற்றவர்களும் பைப்பை மாற்றினால்தான் உள்ளே வருவோம் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வீட்டில் அம்மா, “தலை தப்பிச்சது, அது போதும்,” என்று விளக்கைத் துடைத்து வைத்தாள். சில நாள் எங்கள் பானைத் தண்ணீர் அசையாமல் இருந்தது.

பிறகு ஒரு காலையில் அது நடுங்கியது.

ஜன்னல் திரை போட்ட வேன் ஒன்று ஆலை கேட்டில் வந்து நிற்பதைத் தெருவே பார்த்தது. வேறெங்கிருந்தோ ஒப்பந்தத்துக்கு அழைத்து வந்த ஆட்கள். எங்கள் மொழியும் அவர்களுக்குத் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அவர்களுக்கென்று அவர்கள் மொழி பேசும் ஒருவரை ஸ்வெட்டர் வைத்துக்கொண்டிருந்தார். நல்ல சட்டை, மெல்லிய குரல். கேட்டருகில் அவர் ஏதோ சொல்ல, இறங்கியவர்கள் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

“தலையணை வந்திருக்கு,” என்றாள் ரேடியோ.

சித்தி அன்று வீட்டில் ஓர் இடத்தில் உட்காரவில்லை. பானை பக்கம் போய் நிற்பாள், வருவாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

“அவங்க பாஷை உனக்குத் தெரியும்ல? கப்பல்ல கூட வேலை பார்த்தாங்கன்னு சொன்னியே.”

“சமையல்கட்டுல பேசினது மட்டும்தான் தெரியும்.”

“பைப்புக்கு என்ன சொல்லுவாங்க?”

“தெரியாது.”

“துருவுக்கு?”

“தெரியாது சித்தி. மீன், கத்தி, சூடு. அப்புறம் கெட்டுப்போச்சு. வெளியே போ.”

“அது போதும்,” என்றாள். “கெட்டுப்போச்சு. வெளியே போ. அண்ணேன்னு எப்படிக் கூப்பிடுவாங்க?”

அதையும் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எந்தச் சொல்லுக்கும் ஜோடி தேடவில்லை.

மறுநாள் காலை முதல் கேட்டுக்கு எதிரே போய் நின்றாள். வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொருவரிடமும் ஆலைச் சுவரைக் காட்டிச் சொன்னாள்: அண்ணே, கெட்டுப்போச்சு, வெளியே போ. சிலர் சிரித்தார்கள். சிலர் தங்களைத்தான் துரத்துகிறாள் என்று நினைத்து முறைத்தார்கள். காவலாளி, “போம்மா, வயசான காலத்துல” என்று கையைப் பிடித்துத் தள்ளினான். அவன் தள்ளிய இடத்திலேயே நின்று அவள் சொன்னாள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் நின்றார். அவளை உற்றுப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார்.

சித்தி ஆமாம் என்று தலையை அசைத்தாள். மெல்லிய குரல்காரர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். மீசைக்காரர் போனார்.

அடுத்த நாள் நானும் அவளோடு போனேன். பூனைகள் இப்போது வெட்டும் கூடத்தின் பின்னாலும் இல்லை. எதிர்ச் சாரியில் கடைகளின் கூரைமேல் உட்கார்ந்திருந்தன. வேன் வந்தது. முதலில் மீசைக்காரர் இறங்கினார். கழுத்தில் நனைந்த துண்டு. அவருக்குப் பின்னால் இறங்கியவர் கழுத்திலும் இருந்தது. அதற்குப் பின்னால் இறங்கிய எல்லார் கழுத்திலும் இருந்தது. எங்களைத் தாண்டும்போது மீசைக்காரர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். அவர்கள் நடந்த வழியில் தரையில் சொட்டுச் சொட்டாக ஈரம் கேட்டுக்குள்ளே போயிற்று.

“புரிஞ்சிருக்கு,” என்றேன்.

“ஆமா,” என்றாள் சித்தி. “புரிஞ்சுதான் போறாங்க.”

கதவு சாத்தப்பட்டது. உறுமல் ஒரு கணம் விக்கியது. நாங்கள் அது நேராகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.